தளர்வு மருந்தும் பழைய பிளாஸ்டரும்

மயக்க மருந்து என்றால் நித்திரையாக்குவது மட்டும் என்று வெளியில் நினைக்கிறார்கள். மூச்சை நிறுத்தி மூச்சுக் கொடுக்கிற வேலையும் அதில் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சத்திரசிகிச்சை அறையில் ஊசிக்குழாய்களைக் கழுவி அவித்தவள் நான். பித்தப்பையில் கல்லென்று எனக்கே அந்த மேசையில் நாள் குறித்தார்கள். அன்று தொடங்கியது, அங்கே எதைக் கண்டாலும் சந்தேகம். ஆஸ்பத்திரியில் வேலை செய்து அங்கேயே நோயாளியானவர்களுக்கு இது விளங்கும்.

அசையாத உடம்பு

தசையைத் தளர்த்தும் மருந்து ஏறினால் நெஞ்சும் அசையாது. டொக்டர் காற்றடைத்த ரப்பர்ப் பையை அமத்தி அமத்தி மூச்சுக் கொடுப்பார். ஆனால் அது நித்திரையாக்காது. நித்திரைக்கு வேறு மருந்து. அது குறைந்தால் ஆள் முழித்திருக்கும், கத்த ஏலாது. "அப்ப நோகுதெண்டு எப்பிடித் தெரியும், ஐயா?" என்று மயக்க மருந்து டொக்டரைக் கேட்டேன்.

"நாடி வேகமா ஓடும், கண்ணீர் வரும். அதுதான் நான் தலைமாட்டை விட்டு அசையிறேல்லை, அக்கா."

மண்ணெண்ணெய்ப் பெட்டி

கரண்ட் இல்லாத காலம். தளர்வு மருந்து மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டியில் இருக்கும். சூடு பட்டால் வலுக் குறையுமாம். திரி அணைந்துவிட்டதோ என்று நாளுக்குப் பத்துத் தரம் தொட்டுப் பார்ப்பேன். கூட வேலை செய்த செல்வராணி கண்டுவிட்டாள்.

"எடியே, நோகிற வயித்தைத் தடவாமல் உந்தப் பெட்டியை ஏன் தடவுறாய்?"

ஒரே பெயர்

ஒட்டுகிற பிளாஸ்டருக்குத் தட்டுப்பாடு. மருந்தின் பெயர் எழுதி ஒட்டிய துண்டை உரியாமல் பக்குவமாகக் கழுவுவேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஒருநாள், சத்திரசிகிச்சை முடிகிற நேரம், மூச்சைத் திருப்பும் மருந்தை எடுக்கக் கை நீட்டிய டொக்டர் அப்படியே நின்றார். தட்டில் இரண்டு ஊசிக்குழாய்; இரண்டிலும் தளர்வு மருந்தின் பெயர். ஒன்றில் இருந்தது நான் உரியாமல் விட்ட முதல்நாள் பெயர்; உள்ளே திருப்பும் மருந்து. எது எதுவென்று தெரியாது. இரண்டையும் ஊற்றிவிட்டுப் புதிதாக எடுத்தார். அவர் கவனிக்காவிட்டால், எழும்ப வேண்டிய ஆளுக்குத் திரும்பவும் தளர்வு மருந்து ஏறியிருக்கும்.

"ஆர் உதைக் கழுவினது?"

"நான்தான், ஐயா. பிளாஸ்டரை மிச்சம் பிடிக்கலாமெண்டு..."

"பிளாஸ்டர் மிச்சம்தான். ஆள் போயிருக்கும்."

என்னுடைய நாள்

ஊரையெல்லாம் சந்தேகித்தேன், என் கையைத் தவிர. என்னை வெட்டுவதற்கு முதல்நாள் பின்னேரம், இருந்த துண்டு எல்லாவற்றையும் உரித்தெறிந்தேன். மேசைக்குப் போயும் படுக்கவில்லை. என் கண்முன்னால் மருந்தை எடுத்து, புதுத் துண்டில் பெயரெழுதி, உரத்து வாசிக்கச் சொன்னேன். "கத்தியையும் நீயே பிடிச்சு வெட்டன்!" என்றாள் செல்வராணி. டொக்டர் சிரிக்கவில்லை, ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இனிப் படுங்கோ, அக்கா. நாளையிலயிருந்து எல்லாருக்கும் இப்பிடித்தான்."

மூன்று கல்லை எடுத்தார்கள். சந்தேகத்தை எடுக்க நான் விடவில்லை.