வாரண்டி மேசையில் இருந்த விசாலாட்சி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை ஈரோட்டில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கோயம்புத்தூர் ஷோரூமின் பழைய ஸ்டோர்கீப்பர் ரங்கராஜ் பேசினார். "ஏனுங்க, நம்ம விசாலாட்சியக்கா போயிட்டாங்க. நேத்துச் சாயங்காலம் மூச்சு வாங்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சுங்க" என்றார். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம்தான் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்காதது நினைவுக்கு வந்தது. திரும்ப அழைத்துக் கேட்டுக்கொண்டு கடையைப் பூட்டினேன்.

அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவிநாசி சாலையில் இருந்த அந்த மோட்டார்சைக்கிள் ஷோரூமில் வேலை பார்த்தவர்களுக்கும், அங்கே ஆசையாக வண்டி வாங்கிவிட்டு அல்லல்பட்டவர்களுக்கும் அவரைத் தெரியும். சர்வீஸ் கூடத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவே, காற்று வராத ஓர் இடுக்கில், வாரண்டிப் படிவம் எழுதும் அவருடைய மேசை இருந்தது. வண்டி வாங்க வருகிறவரை முன்னால் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். அதே ஆள் நாலு மாதம் கழித்துப் பழுது என்று வந்தால் பின்பக்கம் கைகாட்டிவிடுவார்கள். விற்றவர்கள் வாங்கவேண்டிய திட்டையெல்லாம் அக்காதான் வாங்கினார்.

அந்த நாட்களில் நான், அந்த வண்டிகளைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் இன்ஸ்பெக்டர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து, கழற்றி வைத்திருக்கும் பாகங்களைப் பார்ப்பேன். கம்பெனி செலவில் மாற்றித் தருவதா, ஓட்டியவர் தவறு என்று தள்ளிவிடுவதா என்று முடிவுசெய்து கையெழுத்துப் போடுவது என் வேலை. தள்ளிவிடுவதில் கெட்டிக்காரன் என்று கம்பெனியில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை நான் ரசித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதல் நாளே அக்காவோடு மோதினேன். வாரண்டிப் படிவத்தில் 'வாடிக்கையாளர் கூறும் குறை' என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற ஊர்களில் அதில் 'கியர்பாக்ஸில் சத்தம்' என்று இரண்டு சொல் எழுதுவார்கள். அக்கா கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதி வைத்திருந்தார். "காலைல எடுக்கறப்ப நல்லாத்தானுங்க இருக்குது. மேடு ஏறி எறங்கி மறுக்கா முறுக்குனா அடியில டக்குனு ஒரு தட்டுத் தட்டுதுங்க. எனக்கென்னமோ மனசுக்கு ஆகலீங்க" என்று வந்தவர் பேசியது அப்படியே இருந்தது. "மேடம், இது படிவமா, ரேடியோ நாடகமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மேடமெல்லாம் வேண்டாமுங்க, அக்கான்னே கூப்புடுங்க. கியர்பாக்ஸைப் பத்தி நான் என்னத்தைக் கண்டேன்? நீங்களும் பதனஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் வாரீங்க. தெனமும் அதும்மேல உக்காந்து போறவரு சொல்றாரு. அதை வெட்டிப்போட்டு எழுத எனக்குக் கை வரலீங்க" என்றார். தலைமை அலுவலகத்தில் அந்தப் படிவங்களை உரக்கப் படித்துக் காட்டி, நண்பர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அந்த வருடம் வந்த புது மாடலில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் உள்ள பற்களில்தான் செயினை இழுக்கும் சக்கரம் உட்காரும். எஞ்சினின் ஓட்டம் பின்சக்கரத்துக்குப் போவதே அந்த ஷாஃப்ட் வழியாகத்தான். அந்தப் பற்கள் நாலைந்து மாதத்தில் மழுங்கிவிடும். முதலில் தட்டும், பிறகு வழுக்கும். அதற்கும் பிறகு ஓட்டினால் ஷாஃப்டே முறிந்து, செயின் சுருண்டு, பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். வாரண்டி ஆறு மாதம். கம்பெனி எங்களுக்குச் சொல்லியிருந்த காரணம் 'அதிக பாரம்'. வண்டியில் மூட்டை ஏற்றினால் பல் போகும், மூட்டைக்கு வாரண்டி கிடையாது.

அதை நிரூபிக்க எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். இங்கே அப்படி இல்லை. "மூட்டை ஏத்தியிருப்பீங்களே?" என்று சிரித்த முகத்தோடு கேட்டால், "எப்பவாச்சும் ஏத்தியிருப்பமுங்க" என்று சொல்லிவிடுவார்கள். கம்பெனியிலிருந்து இவ்வளவு தூரம் வந்த மனுசன், அவர் முகத்துக்கு நேரே இல்லை என்று எப்படிச் சொல்வது என்ற மரியாதைதான். நான் அந்த மரியாதையை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்படித்தான் காங்கேயத்துப் பக்கத்து மாட்டுத் தரகர் செல்லமுத்துவின் படிவத்தையும் தள்ளினேன். நாற்பது வயது, ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மூட்டை பற்றிக் கேட்டேன், அவரும் "ஏத்தியிருப்பனுங்க" என்றார். மழுங்கிய ஷாஃப்டை ஒரு பையில் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வாரனுங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க, அவரு மாட்டுத் தரகருங்க. தோள்ல கெடக்கற துண்டுதான் அவரு தொழிலுக்கு வேணுங்கற சாமான். துண்டுக்கடியில வெரலப் புடிச்சு வெல பேசறவரு, எந்த மூட்டைய ஏத்துவாரு? மாட்டையா பின்னாடி உக்கார வெச்சுட்டுப் போவாரு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "அவரே ஒத்துக்கிட்டாரே அக்கா" என்றேன். "உங்க மனசு நோவக்கூடாதுன்னு சொன்னாருங்க. அதுகூடவா தெரியலை?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த முறை நான் வந்தபோது அவர் மேசையில் பதினொரு படிவங்களின் நகல்கள் இருந்தன. எல்லாம் நான் தள்ளியவை. "சித்தெ உக்காருங்க. பின்பக்கத்தை மட்டும் வாய்விட்டுப் படிங்க" என்றார். விளையாட்டாக ஆரம்பித்தேன். அவிநாசிக்காரர் சொன்னதும், பல்லடத்துக்காரர் சொன்னதும், செல்லமுத்து சொன்னதும் ஒரே கதையாக இருந்தது. ஒருவருக்கொருவர் தெரியாத பதினொரு பேர், மேடு இறங்கி மறுபடி முறுக்கும்போது அதே தட்டு என்கிறார்கள். பாரத்தால் வருகிற கோளாறு மேடு ஏறும்போதல்லவா காட்டும்? ஏழாவது படிவத்துக்கு மேல் வாய்விட்டுப் படிக்காமல், மீதியைக் கண்ணாலேயே பார்த்து முடித்தேன்.

அவர் அதோடும் விடவில்லை. கணபதியில் லேத் வைத்திருந்த தன் தம்பியிடம் என்னைக் கூட்டிப்போனார். அந்தத் தம்பி நல்ல ஷாஃப்ட் ஒன்றின் பல்மேல் அரத்தைப் போட்டு இழுத்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் புது மாடலின் ஷாஃப்டில் இழுத்தார். மாவாகத் தூள் கொட்டியது. "பதம் ஏறலீங்க. சூடு பத்தாம எடுத்துப்போட்டாங்க. இதுல மூட்டை ஏத்தோணும்னே இல்ல, சும்மா ஓட்டுனாலே போயிருமுங்க" என்றார். படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அதை அரத்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்றே கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். அந்த லாட்டில், ஒரே தொகுப்பாகச் செய்து வந்த ஷாஃப்ட் எல்லாமே குறையுள்ளவை, என் முந்தைய அறிக்கைகள் தவறு, ஓட்டுகிறவர்களை எச்சரித்து உடனே மாற்றித் தர வேண்டும் என்று ஒளிக்காமல் எழுதினேன். எழுதியதோடு சரி. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. பதினொரு தடவை தவறாகக் கையெழுத்துப் போட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் எதிரில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. நேர்முகம் முடியட்டும் என்று கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். அக்கா தொலைபேசியில் இரண்டு முறை, "அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இரண்டு முறையும் "அனுப்பிட்டேன் அக்கா" என்றேன்.

மூன்று வாரம் கழித்து, காங்கேயத்துக்கு வெளியே செல்லமுத்துவின் வண்டி பின்சக்கரம் பூட்டிச் சாலையில் விழுந்தது. ஷாஃப்ட் முறிந்திருந்தது. வாரண்டியில் புது ஷாஃப்ட் கிடைக்காததால் பழையதையே வெல்டிங் வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் வந்த வேன் அவர் வலது கால்மேல் ஏறிவிட்டது. கோவை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அக்காதான் என்னை அங்கே அழைத்துப்போனார். எங்களைக் கண்டதும் செல்லமுத்து படுக்கையிலிருந்து எழப் பார்த்தார். "வாங்க சார், உக்காருங்க" என்றார். சாருக்கு டீ வாங்கி வரும்படி மனைவியிடம் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள், "வண்டியச் சொல்லிக் குத்தமில்லீங்க. நானுந்தான் எப்பவாச்சும் பாரம் ஏத்தியிருப்பனுங்க" என்றார்.

அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அண்ணா, போதுமுங்க! காலையுங் குடுத்துப்போட்டு, இவரு மனசு நோவக்கூடாதுன்னு பொய்யும் சொல்லோணுமா? நீங்க ஒரு மூட்டையும் ஏத்துலீங்க. ஏத்துலீன்னு சொல்லுங்க!" என்று கத்திவிட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. செல்லமுத்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "ஏத்துலீங்க" என்றார்.

வெளியே வந்ததும் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். அதன் மடிப்பெல்லாம் அழுக்காகியிருந்தது. அக்கா அதையே பார்த்தார். "அப்ப இன்னும் அனுப்பவே இல்லீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வாங்க" என்று மட்டும் சொல்லி, எதிரில் இருந்த ஃபேக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனார். தாள் முழுவதும் போய்ச் சேரும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு சொன்னார்: "கம்பெனிக்குச் சொல்லிப்போட்டீங்க. அவருகிட்டயும் சொல்லோணுமுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லோணும்."

கம்பெனி 'வாடிக்கையாளர் நலன் கருதி' என்று ஒரு சுற்றறிக்கை விட்டு, அந்த லாட் ஷாஃப்டுகளையெல்லாம் சத்தமில்லாமல் மாற்றித் தந்தது. தவறு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எத்தனை கால்களை அந்த மாற்றம் காப்பாற்றியது என்று யாருக்கும் தெரியாது. காப்பாற்றியவர் அக்கா. அவர் பெயரும் அதில் இல்லை. பதவி உயர்வு எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு ஈரோட்டுக்கு வந்துவிட்டேன்.

செல்லமுத்துவிடம் நான் சொல்லவில்லை. காங்கேயம் பஸ்ஸில் இரண்டு தடவை ஏறி உட்கார்ந்து, இரண்டு தடவையும் பாதியில் இறங்கியிருக்கிறேன். போன வருடம் அக்கா ஓர் உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஈரோடு வந்தபோது என் கடைக்கு வந்தார். அவருக்கு ரொம்ப மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "இன்னுஞ் சொல்லலையாட்ட இருக்குதுங்க" என்றார். வேறு பேச்சுக்கு மாறினேன். அவரும் விட்டுவிட்டார். அதுதான் கடைசியாகப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிங்காநல்லூரில் அவர் வீட்டை அடைந்தபோது பந்தலில் செல்லமுத்து இருந்தார். பொய்க்கால் வைத்து, தடியூன்றி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். என்னைக் கண்டதும் தன் நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம்விட்டார். அக்காவை எடுத்துக்கொண்டு போனபின், ஆட்கள் கலைந்துகொண்டிருக்கும்போது செல்லமுத்துவின் பக்கத்தில் போய் நின்றேன். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்று வாரம் அது என் பையில் இருந்ததைச் சொன்னேன். எதற்காக வைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன்.

அவரிடமிருந்து ஒரு "பரவால்லீங்க"வுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"மூணு வாரமுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"அந்த மூணு வாரமும் தெனம் காலைல எம்புள்ளைய அதே வண்டில வெச்சுத்தான் பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி உட்டேன். தெரியுங்களா உங்களுக்கு?"

பதிலுக்கு நிற்கவில்லை. "வாரனுங்க" என்றும் சொல்லவில்லை. தடியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

விசாலாட்சி அக்காவால் எனக்குக் கிடைத்து நான் வைத்துக்கொண்டிருப்பது செல்லமுத்துவின் அந்தக் கேள்வி. அக்கா உயிரோடு இருந்தபோதே, அவர் சொன்னபடி போய்ச் சொல்லி நான் வாங்கிக்கொண்டிருக்க வேண்டியது அது. அவர் சாகும்வரை காத்திருந்தேன்.