அத்தையின் கட்டைவிரல்

அப்பா இறந்த பிறகு எங்கள் ரேஷன் கார்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அம்மாவும் அத்தையும். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

நான் அந்தக் கார்டில் கிடையாது. நான் பிறந்ததும் அப்பா என் பெயரைச் சேர்க்கப் போனாராம். ஏதோ ஒரு சான்றிதழ் மராத்தியில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனபோது அதிகாரி மாறியிருந்தார், புது அதிகாரி வேறொரு சான்றிதழ் கேட்டார். அதோடு அப்பாவுக்குச் சலித்துவிட்டது. அதனால் அரசாங்கக் கணக்குப்படி நான் தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் எதுவும் சாப்பிடாமல் வளர்ந்து, பி.காம் முடித்து, மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்கும் சேர்ந்திருந்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருஷம் மாமா துபாய்க்குப் போனார். அங்கே நன்றாக இருப்பதாகக் கேள்வி. அத்தை பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள், கார்டில் அவள் பெயர் ஏறியது, நான் வளர்ந்ததெல்லாம் அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுத்துத்தான். அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒரே சீப்பு, ஒரே செருப்பு என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள்.

சண்டை அப்பாவின் அடக்க ஆராதனைக்கு முந்தின நாள் வந்தது. சபையில் கொடுக்கிற அட்டையில் எந்தப் போட்டோ போடுவது என்பதுதான் விஷயம். அம்மா ஆதார் எடுக்கும்போது பிடித்த போட்டோவைக் கொடுத்துவிட்டாள். அதில் அப்பா மீசை இல்லாமல் இருந்தார். வாழ்நாளில் அந்த ஒரு மாசம்தான் அவர் மீசையை எடுத்திருந்தார், அதுவும் உதட்டுக்கு மேல் வந்த கட்டிக்காக.

"இது எங்க அண்ணனே இல்ல" என்றாள் அத்தை.

"பொறவு யாரு? நான் யாரோட குடும்பம் நடத்தினேன்?" என்றாள் அம்மா.

இதற்குமேல் பேசியதை எழுதவேண்டியதில்லை. செத்த வீட்டில் தூங்காதவர்கள் பேசுகிற பேச்சு. அடக்கம் முடிந்த கையோடு அத்தை தேவ்நாரில் ஒரு அறையைப் பிடித்துப் போய்விட்டாள். செம்பூரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இருவரும் ஒரே சபைக்கு வருவார்கள். அம்மா வலப்பக்கம், அத்தை இடப்பக்கம். சமாதானத்தின் வாழ்த்துச் சொல்லச் சொல்லும்போது இருவரும் பக்கத்திலிருப்பவர்களுக்கு மிகுந்த அன்போடு சொல்வார்கள்.

கார்டைப் பிரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மா மாசாமாசம் போய் அரிசியும் கோதுமையும் வாங்கி, அத்தையின் பங்கை சபையில் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவாள். கட்டைவிரல் வைத்தால்தான் தானியம் என்று ஆனபோதுதான் சிக்கல் தொடங்கியது.

அம்மாவுக்கு வேலை பூண்டு உரிப்பது. ஓட்டல்களுக்கு உரித்த பூண்டு சப்ளை செய்கிற ஒருவர் காலையில் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார், சாயங்காலம் எடுத்துப்போவார். வருஷக்கணக்காக உரித்ததில் அம்மாவின் விரல் நுனிகளும் உரிந்துவிட்டன. வழுவழுவென்று இருக்கும். மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும்.

ரேஷன் கடைக்காரர் குஜராத்திக்காரர், மோசமான மனிதர் இல்லை. தன் கைக்குட்டையால் அம்மாவின் விரலைத் துடைத்துப் பார்த்தார். தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். பவுடர் போடச் சொன்னார். வரிசையில் நின்ற ஒருத்தி சுடுதண்ணீரில் முக்கிக்கொண்டு வரச் சொன்னாள். எல்லாம் செய்தோம். பத்து விரலையும் மெஷின் ஏற்கவில்லை.

"மொபைலுக்கு நம்பர் வரும், அதைச் சொன்னாலும் போதும்" என்றார்.

பதிவு செய்த மொபைல் அப்பாவுடையது. அந்த சிம்மை எப்போதோ வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கூப்பிட்டால் ஒருவர் போஜ்புரியில் பேசுவார்.

"வீட்டில் வேறு யார்?" என்று கடைக்காரர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "நீ இல்லை" என்றார். பிறகு அத்தையின் பெயரைப் படித்தார்.

அம்மா வீட்டுக்கு வந்து மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, "அவளுக்கு ஒரு போன் போடு" என்றாள்.

"என்னன்னு சொல்ல?"

"வெரல் வேணும்னு சொல்லு."

அத்தை அந்தச் சனிக்கிழமையே வந்தாள். புடவை கசங்காமல், ஒரு நல்ல காரியத்துக்கு வருவதுபோல. கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கடைக்காரர் "வாஹ்!" என்று பாராட்டினார். அத்தை அம்மாவைப் பார்க்காமல் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதிலிருந்து மாசம் ஒரு சனிக்கிழமை இது நடந்தது. அத்தை வருவாள், விரல் வைப்பாள், இரண்டு பங்காகப் பிரிப்போம், அவள் போவாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என் வழியாகச் சொல்வார்கள். நான் இருவருக்கும் நடுவில் நிற்பேன்.

"ஒங்கம்மைட்ட சொல்லு, பை அடியில கிழிஞ்சிருக்கு."

"ஒங்கத்தைட்ட சொல்லு, எனக்குத் தெரியும்."

"கோதுமையில கல்லு கெடக்கு. அப்படியே மில்லுல போட்டுராம பாத்துப் போடச் சொல்லு."

"நான் என்னைக்குப் பாக்காமப் போட்டேன்னு கேளு."

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அத்தை வரவில்லை. போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தது. மறுநாள் சபைக்கும் வரவில்லை. வாரம் முழுக்கப் போன் அப்படியே அணைந்துதான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய், என்ன செய்யலாம் என்று கேட்டோம். கடைக்காரர் கார்டு நம்பரைத் தட்டினார்.

"வாங்கியாச்சே" என்றார். "முழுசும். தேவ்நார் கடையில்."

எந்தக் கார்டுக்கும் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று ஒரு போஸ்டர் அந்தக் கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மாசமும் அதன் கீழேதான் நாங்கள் நின்றிருக்கிறோம். இன்னொரு கடையில் வாங்க அவளுக்கு நாங்கள் தேவையே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அம்மா தராசுக்குப் பக்கத்தில் கிடந்த காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"எம் பங்கையும் தூக்கிட்டாளா?"

"முழுசும்னு சொல்றாரும்மா."

"போன அணைச்சுப் போட்டுட்டா பாத்தியா. திருடி."

திங்கட்கிழமை நான் அரைநாள் லீவு போட்டேன். ரேஷன் ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு மராத்திக்கார மேடம், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"கார்டைப் பிரிக்க வேண்டுமா? ஏன்?"

அம்மா தாராவி இந்தியில் நீளமாகச் சொன்னாள். அப்பா, மீசை, தேவ்நார், கோதுமை எல்லாம் அதில் வந்தன. மேடம் ஒரு சப்பாத்தி முடியும்வரை கேட்டார்.

"ஒரே அடுப்பா, தனி அடுப்பா?"

"அடுப்பு தனி. அவள் முகத்தைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு" என்றாள் அம்மா. மாசாமாசம் பார்ப்பதை அவள் சேர்த்துக்கொள்ளவில்லை.

"தனி அடுப்பு" என்று மேடம் எழுதிக்கொண்டார். "போங்கள். ஆகும்போது ஆகும்."

எதுவும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது, தேவ்நாரிலிருந்து வருகிற ஒரு அக்கா அம்மாவின் கையைப் பிடித்தாள். "நேத்துதான் கேள்விப்பட்டேன். ஒங்க நாத்தனாளுக்கு இப்ப எப்படி இருக்கு? கட்டு எப்பப் பிரிக்காவளாம்?"

"என்ன கட்டு?"

அத்தை வேலை செய்கிற கட்டடத்தின் மாடிப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். மழைத்தண்ணீர். இடது கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. போன் அவளோடு சேர்ந்து விழுந்து சிதறிவிட்டது. இதெல்லாம் நடந்து நாளாயிற்று.

அம்மா கேட்டுக்கொண்டாள். ரோட்டுக்கு வந்ததும், "காலுதான ஒடிஞ்சிருக்கு. வெரலு ஒடியலல்லா" என்றாள். பிறகு, "வா, அரிசிய வாங்கிட்டு வருவோம்" என்றாள். நடுவில் மருந்துக் கடையில் நின்று ஒரு மூட்டுவலித் தைலம் வாங்கினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சயான் போய் பஸ் பிடித்தோம்.

அத்தையின் அறை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. அவள் தரையில் சுவரோரம் சாய்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கால் ஒரு தலையணை மேல் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், என்னிடம் சொன்னாள்: "ஒங்கம்மைய உள்ள வரச் சொல்லு."

அம்மா ஏற்கனவே உள்ளே வந்திருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் மீசையோடு அப்பா இருந்தார். அம்மா அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அடுப்பு அன்று பற்றவைக்காதது மாதிரி இருந்தது. பாத்திரத்தில் கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது.

அத்தை பேச ஆரம்பித்தாள். என்னிடம் ஆரம்பித்து, பாதியில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். வேலை இல்லை, அரிசி தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மீன்காரி அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். இறங்க முடியாததால் கடைக்காரன் மெஷினை ஆட்டோவுக்கே எடுத்துவந்து விரலை வாங்கிக்கொண்டான்.

"பாதி போதும்னுதான் கேட்டேன் மதினி. மெஷினுக்குப் பாதி தெரியாதுன்னுட்டான். எடுத்தா முழுசும் எடுங்கன்னான். ஒங்களுக்குச் சொல்லிவிட போனும் இல்ல, ஆளும் இல்ல."

"எம் பங்கு எங்க?"

அத்தை மூலையிலிருந்த டின்னைக் காட்டினாள். அம்மா போய் மூடியைத் திறந்தாள். கையை விட்டுப் பார்த்தாள்.

"கொறையுதே."

"அதுல எடுத்துத்தான் கஞ்சி வச்சேன்" என்றாள் அத்தை. "எம் பங்க மீன்காரிக்குக் குடுத்தேன். தூக்கிட்டுப் போனால்லா. கோதுமையத் தொடல."

அம்மா டின்னுக்குள் கையை வைத்தபடியே நின்றாள். வெடிக்கப்போகிறாள் என்று நினைத்து நான் வாசலைப் பார்த்தேன்.

"வண்டு வந்திருக்கு ஏளா" என்றாள் அம்மா. "வேப்பிலை போட்டு வைக்கதுக்கு என்ன?"

"நான் எங்க போயி வேப்பிலை பறிக்க, இந்தக் காலோட?"

அம்மா முறத்தைத் தேடி எடுத்து, வாசலில் உட்கார்ந்து அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள். அத்தை திடீரென்று அழுதாள். அம்மா திரும்பிப் பார்க்காமல், "அழுவாத. தைலம் இருக்கு, எடுத்துத் தேய்ச்சுக்கோ" என்றாள். மாவுக்கட்டின் மேல் தைலம் தேய்க்க முடியாது என்பதை இருவருக்கும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். அன்று மத்தியானம் அந்த அறையில் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

கட்டுப் பிரிக்கிறவரை அம்மா தேவ்நாரிலேயே இருந்தாள். பூண்டு மூட்டை டெம்போவில் அங்கே போயிற்று. அத்தைக்கும் உரிக்கக் கொடுத்தாள். விரல் போய்விடும் என்று அத்தை மறுத்துவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்து இது ஒண்ணுதான் இருக்கு மதினி" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாளாம்.

நடக்க ஆரம்பித்த பிறகு அத்தை மறுபடி தாராவிக் கடைக்கு வந்தாள். விரலை வைத்தாள், பச்சை எரிந்தது. கடைக்காரர் ஒரு ஆளுக்கு உண்டான தானியத்தை மட்டும் நிறுத்தார்.

"இவங்களுக்கு?" என்று அம்மாவைக் காட்டிக் கேட்டேன்.

"இவர் கார்டு தனி. போன வாரம் பிரித்துவிட்டார்கள்."

வேறு எந்த விண்ணப்பத்துக்கும் அந்த ஆபீஸ் இவ்வளவு சீக்கிரம் அசைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மாவின் புதுக் கார்டில் அம்மா மட்டும் இருந்தாள். அவள் விரலை வைத்தாள். சிவப்பு எரிந்தது.

"நீங்களே போயிப் பிரிச்சியளா?" என்று அத்தை கேட்டாள்.

"ஒரு கோவத்துல" என்றாள் அம்மா.

அத்தை பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள். பிறகு, "நானும் ஒருவாட்டி அந்த ஆபீசுக்குப் போனேன். பெரிய கியூவா இருந்துது, வந்துட்டேன்" என்றாள்.

மூவருமாக மறுபடி மேடத்திடம் போனோம். சேர்க்க வேண்டும் என்றோம். அவர் பழைய பதிவைப் பார்த்தார். தனி அடுப்பு என்று அம்மாவே சொன்னதைப் படித்துக் காட்டினார். பிரித்ததைச் சேர்க்க வழி இருக்கிறதா என்று பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டார். அவர் யோசித்துவிட்டு, தன் சர்வீசில் யாரும் கேட்டதில்லை என்றார்.

"வீட்டில் வேறு ஆள் இல்லையா?"

நான் கையைத் தூக்கினேன்.

நான் அம்மாவின் மகள்தான் என்று நிரூபிக்க மழைக்காலம் முடியும்வரை ஆயிற்று. எல்லாச் சான்றிதழும் மராத்தியில் கொடுத்த பிறகும், உள்ளூர் சாட்சி ஒருவர் வேண்டும் என்றார்கள். அத்தை கையெழுத்துப் போட்டாள். எவ்வளவு நாளாக இவரைத் தெரியும் என்று கேட்டதற்கு, "பொறந்ததுல இருந்து, எம் பக்கத்துலதான் படுப்பா, தூக்கத்துல ஒதைப்பா" என்றாள். நான் அதை இந்தியில் சுருக்கிச் சொன்னேன்.

இப்போது சனிக்கிழமைகளில் நான்தான் விரல் வைக்கிறேன். பெரும்பாலும் முதல் தடவையிலேயே பச்சை எரிகிறது. அத்தைக்கு தேவ்நார் கடை வீட்டிலிருந்து நாலு எட்டு. ஆனாலும் அவள் பஸ் ஏறித் தாராவிக்கு வந்துதான் வாங்குகிறாள். அங்கே அரிசி மோசம் என்கிறாள். இரண்டும் ஒரே கிடங்கிலிருந்து வருகிற அரிசி என்று கடைக்காரர் ஒருமுறை விளக்கப் பார்த்தார். அம்மா அவரைப் பேசவிடவில்லை.

"அவதான் மோசம்னு சொல்லுதால்லா" என்றாள். "நீரு நிறும்."