கழுத்தில் கிடந்த வயர்

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் அல்ல, கழுத்து. அதில் துண்டு மாதிரி தொங்கும் கறுப்பு வயரும், மார்பில் வந்து இடிக்கும் பிளக்கும். என் அக்காவின் வீட்டுக்காரர் அவர். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, கதவு ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருந்தார். எந்த மெஷினில் பிளேடு மாற்றுவதானாலும் முதலில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவார். பிடுங்கியதைக் கீழே போடமாட்டார். கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். "வயரு என் கழுத்துல கீது. இனிமே எமனே வந்து சுச்சு போட்டாலும் ஓடாது" என்பார். அவர் சொன்னது உண்மைதான். வயரின் ஒரு முனை மெஷினுக்குள், மறுமுனை அவர் கழுத்தில். யார் என்ன செய்துவிட முடியும்?

நான் ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்தவன். ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, அது நின்றுபோய் வீட்டில் சும்மா கிடந்தபோது மாமாதான் பட்டறைக்குக் கூப்பிட்டார். எனக்கு அறிவு அதிகம் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்போடுதான் உள்ளே நுழைந்தேன். பட்டறையில் நாலு மெஷின்கள்: மரம் அறுக்கும் கட்டர், இழைப்பு மெஷின், டிரில், கிரைண்டர். ஒவ்வொன்றின் வயரும் ஒவ்வொரு விதம். எலி கடித்தது, பலகை விழுந்து நசுங்கியது, கட்டரே அறுத்துப் போட்டது என்று எல்லாவற்றிலும் ஒட்டு. அந்த டேப் சுற்றல்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை திருமுக்கூடலில் ஒரு வீட்டுக்கு கிரகப்பிரவேசம், கதவுகள் மறுநாள் போயாக வேண்டும். இழைப்பு மெஷினின் வயர் உள்ளேயே அறுந்துபோனது. மற்ற மூன்று மெஷினிலும் நல்ல வயர் இருந்தது, வேண்டிய மெஷினில் இல்லை. வேப்ப மரக் கதவைக் கையாலேயே இழைத்து இழைத்து மாமாவின் தோள்பட்டை வீங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் சொன்னேன். எல்லா மெஷினுக்கும் ஒரே மாதிரி சாக்கெட் வைத்துவிடலாம், கம்ப்யூட்டரில் இருக்கிறதே, அந்த மாதிரி. வயர் தனி, மெஷின் தனி. நாலு வயரையும் ஒரே தடிமனில், ஒரே நீளத்தில் செய்து ஆணியில் மாட்டிவிடுவோம். எது கெட்டாலும் வேலை நிற்காது. மாமா சிரித்தார். "இன்னா மச்சான், வூட்ல எல்லாரும் ஒரே சட்டைய மாத்தி மாத்திப் போட்டுக்கினு கல்யாணத்துக்குப் போற மாதிரி கீதே." சிரித்தாரே தவிர மறுக்கவில்லை. படித்தவன் சொல்கிறேன் என்று ஒரு மரியாதை. இரண்டு நாளில் முடித்துவிட்டேன். சுத்தமான வேலை, இன்றைக்கும் சொல்வேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா மட்டும் தன் வழக்கத்தை விடவில்லை. பிளேடு மாற்றும்போது வயரை இரண்டு பக்கமும் பிடுங்கி, முழுசாகக் கழுத்தில் போட்டுக்கொள்வார். முன்பு அந்த வயரோடு மெஷினும் சேர்ந்திருந்தது, இப்போது அவர் கழுத்தில் வெறும் வயர்தான் கிடக்கிறது என்பது அவருக்கும் தோன்றவில்லை, படித்த எனக்கும் தோன்றவில்லை.

கட்டரை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தியிருந்தோம். அதன் பொத்தானைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, சுவர் சுவிட்சில்தான் ஓட்டுவதும் நிறுத்துவதும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். தூள் பறக்காமலிருக்க மேசைக்கு மூன்று பக்கமும் பிளைவுட் அடித்திருந்தது. அன்று மத்தியானம் பெருநகரில் ஒரு வீட்டுக்கு அளவெடுத்துவிட்டு வந்தேன். வாசலில் மாமாவின் வண்டி இல்லை. டீக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். வண்டியை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கட்டருக்காக மேசைக்கால் பக்கம் நான் வைத்த சாக்கெட்டில் வயர் இல்லை. பழைய காலமாக இருந்தால், வயர் எங்கே என்று கத்திக் கேட்டிருப்பேன். இப்போது கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஆணியிலிருந்து வேறொரு வயரை எடுத்தேன், சொருகினேன், சுவிட்சைப் போட்டேன். எவ்வளவு அருமையாகப் பொருந்தியது. மாமா மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, பிளேடு மாற்ற உள்ளே கை விட்டிருந்தார்.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வயரு என் கழுத்துலதான மச்சான் இருந்திச்சி?" இருந்திச்சி மாமா என்றேன். அவர் நம்பாதவர்போல் இன்னொரு தடவை கேட்டார். எதையோ தான்தான் மறந்துவிட்டோம் என்று நினைக்கிறார் என்பது புரிந்து, நடந்ததை முழுதும் சொன்னேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என்னைத் திட்டவில்லை. "ஒரு கொரலு குடுத்திருக்கலாம் இல்லடா" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை. அவள் நன்றாகத் திட்டியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

ஆறு வருஷம் ஆகிறது. மாமா ஒரு செங்கல் சூளையில் லாரிகளுக்கு இடது கையால் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். பட்டறை என்னிடம் இருக்கிறது. சாக்கெட்டுகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையபடி வயரை மெஷினோடு சேர்க்கப் போனேன். அவர்தான் தடுத்தார். "இருக்கட்டும் மச்சான், நல்லாத்தான் கீது. வேலை நிக்கறதில்ல இல்ல?" அது உண்மை. வேலை ஒருநாளும் நின்றதில்லை. அவருடைய வேலையைத் தவிர. அந்தக் கை திரும்பாது, அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன், கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். "எதுனா வேலை கீதா?" என்பார். இல்லை என்று அவருக்கும் தெரியும். நான் பிளேடு மாற்ற ஸ்பேனரை எடுத்தால் மட்டும் எழுந்து வருவார். நாலு மெஷினிலிருந்தும் நாலு வயரையும் பிடுங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்பார். "முடிஞ்சிதா?" என்பார். முடிந்தது என்று சொன்னாலும் தரமாட்டார். "ரெண்டு கையும் காட்டு மச்சான்" என்பார். பத்து விரல்களையும் விரித்து அவர் முன்னால் நீட்டுவேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இடது கையால் வயர்களைக் கழுத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார்.