முயலுக்கென்று தந்த கீரை

அந்தப் புரட்டாதிச் சனிக்கிழமை வரைக்கும் எங்கள் வீட்டில் முயல் இல்லாதது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. குளிர் தொடங்க முன்னம் மொன்றியல் சந்தையில் எல்லாம் மலிந்து கிடக்கும். கத்தரிக்காயும் சிவப்பு மிளகாயும் கூடை கூடையாக வாங்கலாம். நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் மெட்ரோ எடுத்துப் போவோம். அப்பாவுக்கு டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் குசினியில், சமையலுக்கு வெட்டிக்கொடுக்கும் வேலை. பின்னேர வேலைக்கு முதல் அவர் வீடு திரும்பவேண்டும் என்பதால் எங்கள் சந்தை எப்போதும் அவசரச் சந்தைதான்.

அன்று ஒரு கமக்காரப் பெண் தன் தோட்டத்துப் பீற்றூட் விற்றுக்கொண்டிருந்தார். யாராவது வாங்கினால் இலைகளைத் திருகிக் கழற்றி மேசைக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் எறிவார். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நல்ல கீரையப்பா. கேட்டுப் பாருங்கோ."

அப்பா பெட்டியைக் காட்டிச் சிரித்தார். அந்தப் பெண் பிரெஞ்சில், முயலுக்கா என்று கேட்டார்.

"வுய், வுய்" என்று தலையாட்டினார் அப்பா.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை. காது இரண்டும் சுட்டன. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, உன்னிடம் எத்தனை முயல் இருக்கிறது என்று அன்பாகக் கேட்டார். நான் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். இன்னொரு பையையும் நிரப்பி, மேலே முயல்களுக்காக முறிந்த கரட்டுகளும் வைத்துத் தந்தார்.

மெட்ரோவில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். "அவ முயலுக்கோ எண்டுதான் கேட்டவ."

"தெரியும். குசினியிலை முயலும் வெட்டுறனான்தானே, அந்தச் சொல் தெரியாமலோ? முயலுக்கெண்டா சும்மா தருவா. பிறகேன் கனக்கக் கதைக்கவேணும்?"

அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீடு வந்ததும் இலைகளைக் கழுவி, நூல் நூலாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், துருவின தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தார். அப்பா இரண்டாம் தரமும் கேட்டுப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். அம்மா சொதியோடு மட்டும் சாப்பிட்டார்.

அடுத்தநாள் விடிய எழும்பி மிச்ச இலையிலும் வறை செய்தார். ஞாயிறுப் பூசை முடிந்து வந்ததும் வெறும் ஐஸ்கிரீம் பெட்டியொன்றில் சோறும், வறையும், கத்தரிக்காய்க் கறியும் போட்டு மூடினார். "வா" என்றார்.

அந்தப் பெண் இன்றைக்கு வரக்கூடாது என்று சந்தைக்குப் போகிற வழியெல்லாம் மன்றாடினேன். கோயிலுக்குள் அவ்வளவு உருக்கமாக நான் மன்றாடியதில்லை. ஆனால் அவர் நின்றார். சுற்றிலும் சனம்.

அம்மா பெட்டியை மேசையில் வைத்தார். "எங்களிட்டை முயல் இல்லை எண்டு சொல்லு. அது நாங்கள் சாப்பிடுறது எண்டு சொல்லு."

அப்பாவின் பொய்யைவிட இந்த உண்மை எனக்குக் கூடுதல் வெட்கமாக இருந்தது. வாய்க்குள்ளேயே சொன்னேன். கேட்கவில்லை என்று அந்தப் பெண் குனிந்தார். இரண்டாம் தரம் சொன்னபோது பக்கத்தில் பூசணிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த மனிதரும் நிமிர்ந்து பார்த்தார். நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது.

அந்தப் பெண்ணின் முகம் கழுத்துவரை சிவந்துபோனது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி அம்மா என்னிடம் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தப் பெண் பெட்டியைத் திறந்து, முள்ளுக்கரண்டி இல்லாததால் விரலாலேயே வறையை எடுத்து வாயில் வைத்தார். வெள்ளையாக இருப்பது என்ன என்று கேட்டார். தேங்காய் என்றேன். மறுபடி எடுத்தார். தண்டையும் போடுவீர்களா என்று கேட்டார். அம்மா நான் வாய் திறக்க முன்னமே, எவ்வளவு மெல்லிதாக அரிய வேண்டும் என்று விரலால் காட்டத் தொடங்கினார். இரண்டு பேரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் கனநேரம் கதைத்தார்கள். வீட்டுக்குப் போவோம் என்று நான் அம்மாவின் சட்டையை இழுத்தபடி நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை மேசைக்குக் கீழே பெட்டி இல்லை. இலைகள் றப்பர் வளையம் போட்ட பிடிகளாக மேசைமேல் இருந்தன. பக்கத்தில் மட்டையில் விலை.

"இப்ப சரிதானே" என்றார் அப்பா அம்மாவிடம்.

அம்மா ஒரு பிடியை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இலை பழுத்திருக்கிறது என்று வைத்துவிட்டு வேறொன்றைத் தெரிந்தெடுத்தார். காசு கொடுத்தார். அந்தப் பெண் சொன்ன நன்றிக்கு "மெர்சி" என்றும் சொன்னார்.

திரும்பும்போது அப்பா புறுபுறுத்துக்கொண்டே வந்தார். அம்மா எங்களுக்கு முன்னால், அவசரமில்லாமல், கீரை வெளியே தெரிய அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு சந்தையின் நடுவால் நடந்தார். சும்மா கிடைத்ததைக் காசு கொடுத்து வாங்கிய ஒரு மனிசி எதற்காக இப்படி நடக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வகுப்புப் பிள்ளைகள் யாராவது கண்டுவிடுவார்களோ என்று நான் நன்றாகப் பின்தங்கியே வந்தேன்.