வீட்டு மரத்துக் கொய்யா

வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் கனகலதாவுக்குப் பதினோரு வருடமாக ஒரே வேலை, பழம் நறுக்குவது. லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கழுவவே கூடாது. கடையில் வாங்கிய அழுக்கோடு, தோலோடு அரைத்து, பத்து கிராம் நிறுத்து, குப்பியில் போட்டு நந்தினியிடம் தர வேண்டும். பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறதென்று நந்தினி மெஷினில் பார்த்துச் சொல்வாள்.

அந்த மெஷினுக்கு மருந்தே படாத பழம் ஒன்றை முதலில் காட்ட வேண்டும். அப்போதுதான் மற்றப் பழங்களின் யோக்கியதை தெரியும். அந்தச் சுத்தப் பழம் கனகலதா வீட்டிலிருந்துதான் வரும். கீழ்பென்னாத்தூர் தாண்டி அவள் கணவர் தேவகுமார் இரண்டு ஏக்கரில் கொய்யா போட்டிருக்கிறார். சந்தைக்குப் போகிற பழத்துக்கு மருந்தடிப்பார். பம்புசெட் ஓரத்து ஒற்றை மரத்துக்கு மட்டும் கிடையாது, அது வீட்டுக்கு. "எங்க மரத்தை நம்பித்தான் உன் மெஷினே ஓடுது" என்று நந்தினியைச் சீண்டாவிட்டால் இவளுக்குப் பொழுது போகாது.

அன்று காலை நந்தினி தாளும் கையுமாக வந்து நின்றாள்.

"அக்கா, சுத்தப் பழத்துல மருந்து காட்டுது. அனுமதிச்ச அளவைவிட ஒம்பது மடங்கு ஜாஸ்தி."

"கத்திய சரியா கழுவல போல. மறுபடி போடு."

புதுக் கத்தி, புதுக் குப்பி, வேறு பழம். நாலு மணிக்கு வந்த முடிவும் அதேதான். கனகலதாவின் மகள் கீர்த்தனா ஏழு மாதக் கர்ப்பத்தோடு தாய்வீடு வந்து பத்து நாளாகிறது. கடைப் பழத்தைத் தொடாதே, நம் மரத்துப் பழத்தைத் தின்னு என்று சொன்னதே பெற்றவளான இந்த மகராசிதான்.

கணவருக்குப் போன் போட்டாள். "வீட்டு மரத்துக்கு மருந்து அடிச்சீங்களா?"

"அதுக்கு ஏன் அடிக்கிறேன்? தோட்டத்துக்கு அடிச்சது இந்த வாட்டி டேங்க்ல கொஞ்சம் மீந்துச்சு. வாய்க்கால்ல ஊத்துனா மீனு, தவளையெல்லாம் சாவும், பாவம்னு அந்த மரத்து மேல பீச்சிட்டேன்."

சமணக் குடும்பம், உயிர்க்கொலை ஆகாது; இருட்டிய பிறகு சாப்பாடும் கிடையாது. தோட்டத்துப் பூச்சியை எல்லாம் கொன்ற மனுஷருக்குத் தவளை மேல் வந்த கருணையைப் பாருங்கள்.

"கீர்த்தனா சாப்பிட்டாளா?"

"பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டாவணுமே. இப்பதான் ரெண்டு அறுத்துக் குடுத்தேன். தினம் குடுக்கறதுதானே."

"இனிமே ஒண்ணுகூடக் குடுக்காதீங்க. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நான் நேரா அங்க வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே கனகலதா பையைத் தேடினாள்.

"பதறாதீங்கக்கா" என்று நந்தினி கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்தாள். "ஒரு நாளைக்குச் சாப்பிடற அளவு, உடம்பு எடை, ரெண்டும் போட்டா ஆபத்தா இல்லையான்னு ஓரளவு தெரிஞ்சிடும். கீர்த்தனா எடை எவ்ளோ?"

"அறுவத்திரண்டு கிலோ." கனகலதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள இருக்கறது ஒரு கிலோதான்னு போன வாரம் ஸ்கேன்ல சொன்னாங்க. அத எங்க போடுவம்மா?"

நந்தினி மேலும் கீழும் தேடினாள். அதற்கு அந்தக் கணக்கில் கட்டமே இல்லை.