மீன் வண்டியில் டியூட்டிக்கு

ஓய்வு பெற்ற நர்சிங் கண்காணிப்பாளரான என்னையே மறுபடி வேலைக்குக் கூப்பிடும் அளவுக்குக் கொரோனா முற்றியிருந்தது. பஸ் ஓடவில்லை. திருவொற்றியூரில் மீனை இறக்கிவிட்டுக் காசிமேடு திரும்பும் வண்டிதான் என்னையும் இளம் நர்ஸ் கலாவையும் ராயபுரம் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடும். வார்டில் எங்கள் ஷிப்டுக்கு நாங்கள் இருவர் மட்டுமே.

அன்று காலிக் கூடைகளுக்கு நடுவே, கலா முகக்கவசத்தின் மேல் துப்பட்டாவையும் அழுத்திக்கொண்டாள்.

"கூடையக் கழுவ நேரமில்ல சிஸ்டர். நாத்தம் பேஜாரா கீதுல்ல?" என்று டிரைவர் முன்னாலிருந்து கேட்டார்.

"கேக்காதீங்கண்ணா, கொடலப் பொரட்டுது" என்றாள் கலா.

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். குனிந்து மறுபடி இழுத்தேன். எதுவும் தெரியவில்லை.

"வண்டிய நிறுத்துப்பா."

"இன்னாம்மா, தாங்க முடியலயா?"

"நாத்தமே தெரியல. அதான் எறங்குறேன்."

டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். கலா, "அப்போ வார்டுல நான் ஒருத்திதானா மேடம்?" என்றாள்.

மாற்று ஆள் அனுப்பப்படுவார் என்பது விதிமுறை. அந்த மாற்று ஆளே நான்தான். இறங்கிச் சாலையோரம் நின்றேன். வண்டி அவளைக் கொண்டுபோனது. அன்று முழு வார்டையும் அவள் தனியாகத்தான் பார்த்தாள்.

நான் செய்தது சரிதான். யாரும் கேட்காவிட்டாலும் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.