மறிச்சுக்கட்டிக்குப் போன பஸ்

மாகாணசபைக்குத் தெரிவானபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அதற்கு முன் முப்பது வருடம் தபால் கந்தோர்களில் வேலை பார்த்தவன். சண்டை முடிந்த பிறகு மனைவியும் நானும் மன்னார்ப் பெருநிலத்தில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பி, தகரக் கூரை போட்ட வீட்டில் இருந்துகொண்டு, பற்றை மண்டிக் கிடந்த வயலைத் திருத்திக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கட்சிக்காரர் வந்து, தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இவரோ? சந்தையில மீனுக்கு விலை கேக்கவே வெக்கப்படுற மனுசன். சபையில போய் என்னத்தைப் பேசப்போறார்?"

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அரைவாசிக் குடும்பங்களுக்கு நான் ஏதோ ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். காணாமல்போன பிள்ளையைத் தேடி, ஓய்வூதியம் கேட்டு, காணி உறுதியின் பிரதி கேட்டு. அந்த வீடுகள்தான் எனக்கு வாக்குப் போட்டன. மேடையில் நான் மூன்று தரம்தான் பேசினேன், மூன்று தரமும் எழுதிவைத்ததைப் பார்த்துத்தான் வாசித்தேன். இருந்தும் வென்றுவிட்டேன்.

பதவியேற்று இரண்டாம் வாரம் நான்கு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். மறிச்சுக்கட்டியிலிருந்து வந்த முஸ்லிம் பெண்கள். விடியமுன் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, சிலாவத்துறையில் இறங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். முன்னுக்கு வந்தவர் அவர்களுடைய மாதர் சங்கத் தலைவி. நாற்பது வயதிருக்கும். முக்காட்டில் செம்மண் தூசு படிந்திருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்காமலே சொன்னார்:

"சேர், முதல்ல ஒண்டு சொல்லவேணும். நாங்கள் உங்களுக்கு வோட்டுப் போடேல்ல. பொய் சொல்லி உதவி கேக்க எங்களுக்கு மனமில்ல."

மனைவி தேநீர்த் தட்டோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் ஏதோ குத்தவும் செய்தது.

"அதுக்கென்ன, இருங்கோ. என்ன விசயம்?" என்றேன்.

விசயம் பஸ். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் வடக்கை விட்டு முஸ்லிம்களை விரட்டியபோது அவர்கள் புத்தளத்துக்குப் போனவர்கள். இருபது வருடத்துக்கு மேல் கொட்டில்களில் இருந்துவிட்டு இப்போது காடு வெட்டி ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். வீடு எழும்பிக்கொண்டிருந்தது, பள்ளிவாசல் எழும்பிக்கொண்டிருந்தது. ஆனால் காலையில் மன்னாருக்குப் போக ஒரு பஸ் இல்லை. இடையில் ஒரு கிழமை வந்த பஸ்ஸும் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டது. கர்ப்பிணிகள் கிளினிக்குக்குப் போய்ச் சேரும்போது நம்பர் முடிந்துவிடும். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. ஒரு பஸ் இரவில் ஊரில் நின்று விடியப் புறப்பட்டால் போதும் என்றார்.

அவர் நீட்டிய மனுவை வாங்கக் கை நீட்டினேன். அப்போது, ஏனென்று இன்றைக்கும் தெரியவில்லை, நான் ஒருவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

"நீங்கள் வெளிக்கிட்ட அந்த ஐப்பசியில நான் மன்னார்த் தபால் கந்தோரில கடிதம் பிரிக்கிற வேலையில இருந்தனான். நீங்கள் போன பிறகும் மாதக்கணக்கா உங்கட ஊர்களுக்குக் கடிதம் வந்தது. 'ஆள் இல்லை' எண்டு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினது நான்தான். எங்க போனனீங்கள் எண்டு தெரியும். விலாசம் தேடி அனுப்பியிருக்கலாம். பயத்தில செய்யேல்ல."

மற்றப் பெண்களில் மூத்தவர் நிலத்தைப் பார்த்தார். தலைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அதுக்குள்ள என்ர வாப்பாட பென்சன் கடிதமும் இருந்திருக்கும். கண்மூடி மௌத்தாகுமட்டும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர்."

அவர் மனுவை என் கையில் வைத்தார்.

"இதை மட்டும் திருப்பி அனுப்பிப்போடாதேங்கோ, சேர்."

அன்றைக்குத் தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் படலையைத் தாண்டிய பிறகு மனைவி என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "இதை ஏன் எனக்கும் சொல்லேல்ல?" என்று மட்டும் கேட்டாள். நான் மனுவை விரித்து மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

அடுத்த அமர்வில் அந்தப் பஸ்ஸுக்காக ஒரு பிரேரணை கொண்டுவந்தேன். வயல் வரம்பில் நடந்து நடந்து பேச்சைப் பாடமாக்கினேன். சபையில் தாளைப் பார்க்காமலே பேசி முடித்தேன். ஏகமனதாக நிறைவேறியது, மேசையில் தட்டினார்கள். பேப்பரில் நான்கு வரி வந்தது. மனைவி அதை வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். எனக்கு அந்தக் கிழமை முழுக்க நித்திரை நன்றாக வந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தலைவி தொலைபேசியில் பேசினார்.

"சேர், தீர்மானம் பாஸாகிப்போட்டுது எண்டு சொன்னீங்கள். பஸ் இன்னும் பாஸாகேல்லயே?"

டிப்போவுக்குப் போனேன். பொறுப்பதிகாரி மரியாதையாகக் கதிரை போட்டு, ரோட்டுச் சரியில்லை என்றார். ரோட்டுக்குப் பொறுப்பான கந்தோருக்குப் போனேன். ரோட்டு வலு திறம், பஸ்தான் இல்லை என்றார்கள். டிப்போவுக்குத் திரும்பி வந்தால், பஸ் இருக்கிறது, ஆள் இல்லை என்றார்கள். இப்படியே மாரிகாலம் வந்துவிட்டது. என்னைச் சபைக்கு அனுப்பிய சனத்தைவிட அனுப்பாத சனத்துக்கு முன்னால்தான் எனக்கு அதிகம் கூச்சமாக இருந்தது.

கடைசியில் ஒருநாள் சும்மா பிரயாணியாக மன்னாரில் சிலாவத்துறை பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் ஓலைத்தொடுவாய் ஊர்க்காரர், நடுவயது, கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு பணம் வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். அரிப்பு என்ற கரையோர ஊரில் வெறும் மீன் பெட்டிகள் இறங்கிச் சனம் குறைந்தவுடன் வந்து பக்கத்தில் இருந்தார்.

"ஐயா, ரோட்டும் இல்ல, ஆளும் இல்ல எண்டெல்லாம் சொல்லுவினம். உண்மையைச் சொல்லட்டோ? அங்க பஸ்ஸை நிப்பாட்டினா நானும் டிரைவரும் எங்க படுக்கிறது? போன வருசம் ஒரு கிழமை ஓடிப் பாத்தனாங்கள். பஸ்ஸுக்குள்ளதான் படுத்தனாங்கள். வில்பத்துக் காட்டுப் பக்கமிருந்து யானை வந்து கண்ணாடியில தும்பிக்கையை வைச்சு மணந்து பாக்குது. டிரைவருக்குக் காய்ச்சலே வந்திட்டுது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அந்த டியூட்டிக்குப் பேர் குடுக்கிறேல்ல. யானைக்குப் பயம் எண்டு எழுதிக் குடுக்க வெக்கம். அதால ரோட்டுச் சரியில்ல எண்டு எழுதினனாங்கள்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்தார். ஆறு மாதமாக நான் இரண்டு கந்தோர் ஏறி இறங்கித் தேடிய விடை இரண்டு பேர் படுக்க ஓர் அறை!

சிலாவத்துறையில் இறங்கி ஒரு முச்சக்கரவண்டி பிடித்து நேரே மறிச்சுக்கட்டிக்குப் போனேன். தலைவி வீட்டு முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னதும் மிளகாய்க் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுதானா? இதுக்கா இவ்வளவு நாள்? எங்களிட்டக் கேட்டிருந்தா அண்டைக்கே குடுத்திருப்பமே!"

முன்பள்ளிக்கென்று கட்டிப் பாதியில் நின்ற ஓர் அறை இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் எல்லோரும் சிரமதான வேலைக்கு வந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை முடியக் கூரை ஏறிவிட்டது, கதவும் யன்னலும் வைத்தாயிற்று. கிணற்றுக்குத் தள்ளி மலசலகூடம் வெட்டினார்கள். யானை வராமல் சுற்றிவரப் பனங்குற்றி நட்டார்கள். என் மனைவி நுளம்பு கடிக்காமலிருக்க இரண்டு வலையும் புதுத் தலையணைகளும் தைத்துக் கொடுத்தாள். நான் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுபோனேன். சாப்பாட்டுக்குப் பெண்கள் முறை வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீடு.

ஓலைத்தொடுவாய்க் கொண்டக்டர்தான் அந்த டியூட்டிக்கு முதலில் பேர் கொடுத்தார். காய்ச்சல் கண்ட டிரைவரையும் அவரே கதைத்துச் சம்மதிக்க வைத்தார்.

முதல்நாள் பஸ்ஸுக்கு நான் முந்தின நாளே போய்த் தலைவியின் தம்பி வீட்டில் தங்கினேன். விடியற்காலையில் ஊரே ரோட்டில் நின்றது. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு கர்ப்பிணிகள், எங்கேயும் போகத் தேவையில்லாத கிழவர்களும்கூட. டிரைவர் முகம் கழுவி, நெற்றியில் நீர் சொட்ட, பால்தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். பேச்சு ஏதும் பேசச் சொல்லுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். நல்லகாலம், ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இருக்க இடமும் கிடைக்கவில்லை. அரிப்பு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அங்கே ஏறிய மீன்காரப் பெண் ஒருத்தி, "இவ்வளவு சனத்தை எங்கையிருந்து ஏத்திக்கொண்டு வாறீங்கள்?" என்று கொண்டக்டரை ஏசிக்கொண்டே தன் பெட்டியை என் காலுக்கு மேல் வைத்தாள். அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் பிரயாணம் செய்ததில்லை.

அந்த ஐந்து வருடத்தில் எல்லாம் இப்படி முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஊர் திரும்பியவர்களின் காட்டோரக் காணிப் பிரச்சினை நான் சபைக்குப் போனபோது இருந்த மாதிரியேதான் நான் வெளியே வந்தபோதும் இருந்தது. கடலுக்கு அக்கரையிலிருந்து வந்து எங்கள் மீனை அள்ளுகிற பெரிய படகுகளைப் பற்றி ஏழு தரம் பேசினேன். ஏழு தரமும் மேசையில் தட்டினார்கள். ஆனாலும் ஒன்றைப் பழகிக்கொண்டேன். யாராவது மனுவோடு வந்தால், உடனே பேச்சு எழுத உட்காருவதில்லை. முதலில் அந்த இடத்துக்குப் போய், அந்த வேலையைக் கையால் செய்கிற ஆளைத் தேடிப் பிடித்து, ஏன் நடக்கவில்லை என்று கேட்பேன். பாதி விசயம் அங்கேயே முடிந்துவிடும்.

சபையின் காலம் முடிந்தது. மறுபடி தேர்தல் வைக்கவில்லை. என் பெயருக்கு முன்னால் 'முன்னாள்' என்று ஒரு சொல் வந்து ஒட்டிக்கொண்டது. மனைவிக்கு அது நிம்மதி. வயலுக்கு ஒழுங்காக ஆள் கிடைத்ததே என்றாள்.

போன வருடம் தலைவியின் மகளுக்கு நிக்காஹ். அழைப்பிதழைத் தபாலில் அனுப்பாமல் அவரே கணவரோடு கொண்டுவந்து தந்தார். மனைவியும் நானும் போனோம். பெண்கள் அவளை உள்ளே கூட்டிக்கொண்டுபோக, என்னை ஆண்கள் பக்கம் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருத்தினார்கள். ஆறு பேர் ஒரே தட்டில் சாப்பிடவேண்டும். அந்தப் பக்கம் டிரைவர், அதற்குப் பக்கத்தில் ஓலைத்தொடுவாய்க் கொண்டக்டர், மற்ற மூவரும் ஊர்க்காரர். டிரைவருக்கு நன்றாகத் தொந்தி விழுந்திருந்தது. ஊர்ச் சாப்பாடு என்று தட்டிக் காட்டினார். இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டு, "சாப்பிடுங்கோ ஐயா, ஆறப்போகுது" என்றார் கொண்டக்டர். நான் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினேன்.